பெட்டிக்காரர் பதில்கள்: பாலத்துக்கு எவ்வளவு, படத்துக்கு எவ்வளவு?

போன இதழில் பழைய போர்ப் படங்களைப் பற்றிய பதில் ஒன்றில், 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்துக்காக இலங்கையில் கட்டிய பாலத்துக்கு மட்டும் இரண்டரை லட்சம் டாலர் செலவு என்று ஒரு வரி எழுதிவிட்டேன். ஜப்பானியரிடம் சிக்கிய பிரிட்டிஷ் போர்க்கைதிகள் எதிரிக்கு ரயில் பாலம் கட்டிக் கொடுக்கிற கதை அது. அந்த ஒரு வரிக்கு வந்து குவிந்த கடிதங்களைத்தான் இந்த முறை எடுத்திருக்கிறேன். சண்டைக்கு வந்தவர்கள் உண்டு, கணக்குக் கேட்டவர்களும் உண்டு.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: மதுரை-ராமநாதபுரம் ஏரியாவில் ஒரு விநியோகஸ்தர் ஆபீசில் இருபத்தாறு வருஷம் ரெப்பாக, அதாவது பிரதிநிதியாக, இருந்தவன் நான். படப்பெட்டியோடு பஸ் ஏறுவது, தியேட்டர் வாசலில் நின்று டிக்கெட் எண்ணுவது, ராத்திரி உட்கார்ந்து டி.சி.ஆர். என்கிற அன்றைய வசூல் கணக்கைப் போடுவது, இதுதான் பிழைப்பு. "தேனி ரெப் வந்தாச்சா?" என்று ஊரைச் சொல்லித்தான் எங்களைக் கூப்பிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் இந்தப் பகுதியிலும் ஊர் மட்டும்தான், பெயர் கிடையாது.

திண்டுக்கல்: குவாய் படத்தின் மொத்தச் செலவு என்ன, வசூல் என்ன? ஒரே வரியில் சொல்லவும்.

28 லட்சம் டாலர் போட்டார்கள்; முதல் ரிலீசில் உலகம் முழுக்க 3 கோடியே 6 லட்சம் டாலர் வந்தது.

கேட்ட ஒரு வரி ஆயிற்று. ஆனால் அதோடு விட எனக்கு மனசில்லை. அந்தக் காலத்தில் ஒரு டாலருக்கு 4.76 ரூபாய். அந்தக் கணக்கில் செலவு சுமார் 1 கோடியே 33 லட்சம் ரூபாய், வரவு பதினான்கரைக் கோடி. போட்டதைப் போலப் பத்து மடங்குக்கு மேல். டைரக்டர் டேவிட் லீன், தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல், வெளியிட்டது கொலம்பியா பிக்சர்ஸ் கம்பெனி. லண்டனில் 1957 அக்டோபரில் ரிலீஸ், அமெரிக்காவில் டிசம்பரில். அதனால்தான் இது 1957-ஆம் வருஷத்துப் படமாக இருந்தும் வசூல் பட்டியலில் 1958-இல் வருகிறது. அங்கே 'வெரைட்டி' என்று சினிமா வியாபாரப் பத்திரிகை ஒன்று உண்டு. அது போட்ட 1958 பட்டியலில் முதல் இடம் குவாய், அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 80 லட்சம் டாலர். இரண்டாம் இடம் 'பெய்ட்டன் பிளேஸ்', 1 கோடியே 20 லட்சம். முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவில் இருக்கிற பணத்தில் இன்னும் இரண்டு குவாய்ப் படம் எடுத்திருக்கலாம்.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே 1958 மார்ச்சில் 7 ஆஸ்கார் விருதுகள் வந்து விழுந்தன. ஓடுகிற படத்துக்கு விருது கிடைத்தால் தியேட்டர்காரருக்கு அது இரண்டாவது தீபாவளி. அப்புறம் 1964-இல் திரும்ப வெளியிட்டார்கள். அமெரிக்கா, கனடாவில் மட்டும் இன்னொரு 26 லட்சம் டாலர். ஏழு வருஷம் கழித்து, படம் எடுத்த செலவு கிட்டத்தட்ட இன்னொரு முறை கைக்கு வந்த மாதிரி. 1966 செப்டம்பர் 25-ஆம் தேதி ராத்திரி அமெரிக்காவின் ஏ.பி.சி. டெலிவிஷனில் முழுப் படத்தையும் ஒரே மூச்சில் போட்டார்கள். அவ்வளவு நீளப் படத்தை இரண்டு ராத்திரியாகப் பிரித்துப் போடுவதுதான் அப்போதைய வழக்கம். விளம்பரம் கொடுத்தது ஃபோர்டு கார் கம்பெனி. பார்த்தவர்கள் 6 கோடிக்கும் மேல். டி.வி.யில் வந்தால் படம் செத்தது என்று எங்கள் முதலாளி சொல்வார். இந்தப் படம் டி.வி.யிலும் சம்பாதித்தது.

உசிலம்பட்டி: ஐயா, வசூல் என்கிறீர்கள், ஷேர் என்கிறீர்கள், கிராஸ் என்கிறீர்கள். எல்லாம் ஒன்றுதானே?

ஒன்று என்று நினைத்துத்தான் பல பேர் வீட்டை விற்றார்கள்.

கவுன்ட்டரில் நூறு ரூபாய் விழுந்தால் அது கிராஸ். அதில் கேளிக்கை வரி போனது போக மிச்சம் நெட். நெட்டில் தியேட்டர்காரர் தன் பங்கை எடுத்துக்கொண்டு விநியோகஸ்தருக்குக் கொடுப்பது ஷேர். அந்த ஷேரிலிருந்து பிரிண்ட் செலவு, போஸ்டர் செலவு, கமிஷன் எல்லாம் கழித்து மீதி இருந்தால் தயாரிப்பாளர் முகத்தில் சிரிப்பு. அமெரிக்காவிலும் இதே ஏணிதான். நம் ஷேரை அவர்கள் ரென்டல் என்பார்கள். அந்தக் காலத்து வெரைட்டி பட்டியலில் இருப்பதெல்லாம் ரென்டல். ஆகவே நான் மேலே சொன்ன 1 கோடியே 80 லட்சம், கம்பெனி கைக்கு வந்த பங்கு. கவுன்ட்டரில் விழுந்தது அதைவிட மிக அதிகம். இது தெரியாமல் பழைய ரென்டலை இன்றைய படங்களின் கிராசோடு பக்கத்தில் வைத்து, "அந்தக் காலத்துப் படமெல்லாம் இவ்வளவுதான் ஓடியதா" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 3 கோடியே 6 லட்சம் என்ற எண்ணையே சில இடங்களில் வசூல் என்றும் சில இடங்களில் ரென்டல் என்றும் அச்சடித்திருக்கிறார்கள். யாராவது ஒரு தொகை சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி: இது கவுன்ட்டர் கணக்கா, ஆபீஸ் கணக்கா?

என் சொந்தக் கதை ஒன்று. எழுபதுகளின் கடைசியில் குவாய் படத்தின் பழைய பிரிண்ட் ஒன்று எங்கள் ஏரியாவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு மட்டும். மழைக் கோடு விழுந்த பிரிண்ட். நாலாவது ரீலில் ஒட்டுப் போட்ட இடத்தில் ஒரு ஜப்பான்காரர் பேச ஆரம்பித்து இன்னொருவர் முடிப்பார். ஒரு சின்ன ஊர் தியேட்டர், பெயர் வேண்டாம். காட்சி முடிந்து மேனேஜர் கொடுத்த டி.சி.ஆரில் 140 டிக்கெட். நான் வாசலில் நின்று எண்ணியது 212 தலை. கேட்டால், "எல்லாம் பாஸ் சார், போலீஸ்காரங்க, ஈ.பி.காரங்க" என்றார். ஒரு ஊரில் எழுபத்திரண்டு ஈ.பி.காரர்களா?

அடுத்த ஞாயிறு வாசலில் நிற்காமல் உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கைதிகள் கிழிந்த பூட்சோடு முகாமுக்குள் அணிவகுத்து விசிலடித்துக்கொண்டு வருவார்களே, அந்த இடம் வந்ததும் தியேட்டரே பதிலுக்கு விசிலடித்தது. 140 பேர் வாயிலிருந்து வருகிற சத்தமில்லை அது. வெளியே வந்து பார்த்தால், கேட்டில் நின்ற பையன் டிக்கெட்டைக் கிழிக்காமல் வாங்கி மடியில் கட்டிக்கொண்டிருக்கிறான். அதே டிக்கெட் திரும்பவும் கவுன்ட்டருக்குப் போய் இன்னொரு முறை விற்கிறது. ரிப்போர்ட் எழுதினேன். முதலாளி படித்துவிட்டு, "அந்தத் தியேட்டர்லதான்யா நம்ம தீபாவளிப் படம் போகுது, விடு" என்றார். விட்டேன். ஆகவே அந்த ஊரில் குவாய் படத்தின் வசூல் என்ன என்று கேட்டால் என் கணக்கு ஒன்று, ஆபீஸ் கணக்கு ஒன்று.

காரைக்குடி: நான் ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறை என்ஜினீயர். 1956-இல் இலங்கையில் மரமும் கூலியும் என்ன விலை என்று ஓரளவு தெரியும். ஒரு மரப்பாலத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் எப்படி ஆகும்? விளம்பரத்தை நம்பி எழுதிவிட்டீர்களா?

ஆமாம் ஐயா, நம்பி எழுதிவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் காது சூடாகிவிட்டது. இருபத்தாறு வருஷம் அடுத்தவன் கணக்கில் ஓட்டை பார்த்தவன் இதில் ஏமாந்தேன்.

2,50,000 டாலர் என்பது ஸ்பீகலின் விளம்பரக்காரர்கள் உலகம் பூரா பரப்பிய எண். பாலத்துக்கு உண்மையில் ஆனது 52,085 டாலர்தான். இலங்கை ரூபாயும் அப்போது டாலருக்கு 4.76 தான். பெருக்கிப் பார்த்தேன்: ஏறத்தாழ இரண்டரை லட்சம் ரூபாய்! அதாவது நான் எழுதிய வரியில் 'டாலர்' என்பதை அடித்துவிட்டு 'ரூபாய்' என்று போட்டால் கணக்கு சரியாகிவிடுகிறது. இது தற்செயல்தான் என்றாலும், தெரியாமல் சரியாக எழுதியிருக்கிறேன் என்று ஒரு அற்ப சந்தோஷம்.

பாலம் சாதாரணப் பாலமில்லை. களனி ஆற்றின் மேல் கித்துல்கல என்ற இடத்தில், 425 அடி நீளம், தண்ணீருக்கு மேல் 50 அடி உயரம். கலை இயக்குநர் டொனால்ட் ஆஷ்டன். பொறியியல் வடிவமைப்பு இங்கிலாந்தின் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹஸ்பண்ட் அண்ட் கம்பெனி. உங்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கலாம். ஜாட்ரெல் பேங்க் ரேடியோ தொலைநோக்கியை வடிவமைத்ததும் இவர்கள்தான். உடைப்பதற்காகவே கட்டுகிற ஒரு செட்டுக்கு நிஜ என்ஜினீயர்கள் வேண்டியிருந்தது. காரணம், அதன் மேல் நிஜ ரயில் ஓட வேண்டும். மரம் பக்கத்துக் காடுகளில் கிடைத்தது, இழுக்க யானைகள், கூலி உள்ளூர்க் கூலி. நீங்கள் சொன்ன அதே காரணங்கள்தான் செலவைக் குறைத்தன.

அப்படியானால் ஏன் ஐந்து மடங்கு ஏற்றிச் சொன்னார்கள்? இதில் எனக்கு அனுபவம் உண்டு. செலவைப் பெருக்கிச் சொன்னால் வாங்குகிறவன் எம்.ஜி.யை, அதாவது படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் முன்கூட்டியே தருகிற குறைந்தபட்சத் தொகையை, கூட்டிக் கொடுப்பான். பார்க்கிறவனுக்கும், கால் மில்லியன் டாலரை ஒரு நொடியில் வெடித்துத் தள்ளுகிறார்களாம் என்று ஒரு பரபரப்பு. நம் ஊரிலும் போஸ்டருக்கு ஒரு செலவு, வருமான வரிக்கு ஒரு செலவு, மாமனாரிடம் சொல்ல ஒரு செலவு என்று வைத்திருந்த தயாரிப்பாளர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 28 லட்சத்தில் 52 ஆயிரம் என்பது 2 சதவீதம்கூட இல்லை. ஊரெல்லாம் பேசுகிற பாலம் மொத்தச் செலவில் ஒரு ஓரம். வெளிநாட்டு யூனிட் மொத்தத்தையும் மாதக்கணக்கில் காட்டுக்குள் வைத்துச் சோறு போட்டதும், நட்சத்திரச் சம்பளமும்தான் பணத்தைத் தின்றவை. ஆனால் "இருநூறு பேருக்கு எட்டு மாதம் சாப்பாடு" என்று போஸ்டர் அடித்தால் யார் டிக்கெட் வாங்குவார்கள்?

சிவகாசி: பாலத்தை நிஜமாகவே வெடித்தார்களா? ஒரே டேக்கா?

சிவகாசியிலிருந்து இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நிஜ வெடிதான். நாள் குறித்தது 1957 மார்ச் 10. பல இடங்களில் கேமராக்கள். ஒவ்வொரு கேமராக்காரரும் கேமராவை ஓடவிட்டுவிட்டு, பதுங்கு குழிக்குள் போனதும் ஒரு சுவிட்சைத் தட்ட வேண்டும். லீன் நிற்கும் இடத்தில் அவருக்குரிய விளக்கு எரியும். எல்லா விளக்கும் எரிந்தால்தான் வெடி. ரயில் கிளம்பியாயிற்று, டிரைவர் கிளப்பிவிட்டுக் குதித்துவிட்டார். ஒரு விளக்கு எரியவில்லை. அந்த ஆள் வெளியே நிற்கிறாரா, சுவிட்ச் தட்ட மறந்தாரா, யாருக்குத் தெரியும்? லீன் வெடிக்க வேண்டாம் என்றுவிட்டார். ஆளில்லாத ரயில் பாலத்தை ஜம்மென்று தாண்டிப் போய் அக்கரையில் இருந்த ஜெனரேட்டரில் முட்டிக்கொண்டு நின்றது.

எனக்கு லீன் மேல் மரியாதை வந்த இடம் இதுதான். பல மாத வேலை, ஒரே ஒரு பாலம், ஒரே ஒரு ரயில். ஒரு விளக்குக்காக அத்தனையையும் விட்டுக்கொடுத்தார். ராத்திரியோடு ராத்திரியாக ரயிலைச் சரிசெய்து தண்டவாளத்தில் ஏற்றி, மறுநாள் 11-ஆம் தேதி காலை, இலங்கைப் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க பரிவாரத்தோடு பார்த்துக்கொண்டிருக்க, வெடித்தார்கள். படத்தில் நாம் பார்ப்பது அதுதான்.

பெரியகுளம்: அந்த வெடிக் காட்சியின் ஃபிலிம் தொலைந்துபோனதாக ஒரு கதை உண்டே?

பெட்டிக்காரன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை. சூயஸ் கால்வாய்த் தகராறு நேரம் என்பதால் ஃபிலிமைக் கப்பலில் அனுப்பாமல் விமானத்தில் அனுப்பினார்களாம். லண்டனுக்குப் பெட்டி வந்து சேரவில்லை. உலகம் முழுக்கத் தேடி, ஒரு வாரம் கழித்து கெய்ரோ விமான நிலையத்தில் வெட்டவெளியில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார்களாம். கழுவிப் பார்த்தால் ஃபிலிமுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். மூன்று 'ஆம்' போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். கதையைப் பரப்பியவர்கள் பாலத்துக்கு இரண்டரை லட்சம் சொன்ன அதே ஆட்கள்.

ஆனாலும் நான் இதைப் பாதி நம்புவேன். வத்தலக்குண்டு போக வேண்டிய பெட்டியைக் கண்டக்டர் வாடிப்பட்டியில் இறக்கிவிட்டு, நான் மாட்டு வண்டியில் பின்னாலேயே போன அனுபவம் எனக்கு உண்டு. பெட்டி தொலைகிற அந்த ஒரு மணி நேரத்தில் வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்று தெரியும்.

மேலூர்: ஹீரோவுக்கு என்ன சம்பளம்?

இந்தப் படத்தில் மூளை, பிரிட்டிஷ் கர்னலாக நடித்த அலெக் கின்னஸ் என்றால், அமெரிக்க வியாபாரத்துக்கு முகம் வில்லியம் ஹோல்டன். அவர் போட்ட ஒப்பந்தம் அந்தக் காலத்தில் ஒரு நடிகர் போட்டவற்றிலேயே மிகச் சிறந்த ஒன்று என்பார்கள். வரவில் 10 சதவீதம். லாபத்தில் அல்ல, வரவில். இந்த வித்தியாசத்துக்காகவே ஹோல்டனின் ஏஜென்ட் கையில் மோதிரம் போட வேண்டும். லாபத்தில் பங்கு என்றால் ஸ்டுடியோ கணக்குப்பிள்ளை பேனாவை எடுத்து, படம் நஷ்டம் என்று காட்டிவிடுவார்.

ஆனால் மொத்தமாக வாங்காமல், வருஷத்துக்கு 50 ஆயிரம் டாலர் வீதம் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. ஏன்? அமெரிக்காவில் அப்போது உச்ச வருமான வரி 91 சதவீதம். ஒரே வருஷத்தில் வாங்கினால் பெரும்பகுதி அரசாங்கத்துக்குப் போகும். சரி, கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் படம் இப்படி ஓடும் என்று யார் கண்டார்கள்? 3 கோடியில் 10 சதவீதம் 30 லட்சம் என்று வையுங்கள். வருஷம் 50 ஆயிரம் என்றால் தீர்க்க 60 வருஷம். மீதிப் பணம் அத்தனை காலமும் ஸ்டுடியோவிடம் வட்டி சம்பாதித்துக்கொண்டிருக்கும். ஹோல்டன் 1981-இல் இறந்துபோனார். சீட்டுப் பணத்தைக் கட்டி முடித்தும் எடுக்காமல் விட்ட மாதிரி.

விருதுநகர்: கதாசிரியருக்கு?

மூல நாவல் எழுதியவர் பியர் புலே, பிரெஞ்சுக்காரர். திரைக்கதைக்கான ஆஸ்காரையும் அவருக்கே கொடுத்தார்கள். அவர் ஆங்கிலத்தில் எழுதுகிறவரே இல்லை. நிஜமாக எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன். இரண்டு பேரும் கம்யூனிஸ்ட் சந்தேகத்தில் ஹாலிவுட் ஒதுக்கி வைத்தவர்கள், அதனால் டைட்டிலில் பெயர் கிடையாது. 1984-இல்தான் ஆஸ்கார் அகாடமி இருவருக்கும் விருது என்று முடிவெடுத்தது. வில்சன் 1978-இலேயே போய்விட்டார். ஃபோர்மன் அதே 1984-இல் போய்ச் சேர்ந்தார். சம்பளப் பாக்கியைவிட மோசமான பாக்கி.

பரமக்குடி: குவாய் என்றால் என்ன அர்த்தம்?

தாய்லாந்து மொழியில் 'க்வே' என்றால் கிளை ஆறு. வெள்ளைக்காரர் உச்சரிப்பில் 'குவாய்' என்றால் அது எருமை. எருமை ஆற்றுப் பாலம்.

ராஜபாளையம்: போர்ப் படம் எடுத்தால் காசு வரும் என்று சொல்லலாமா? மற்றப் பெரிய படங்களின் கதை என்ன?

போர்ப் படம் பட்டாசு மாதிரி. சில வெடிக்கும், சில கையிலேயே வெடிக்கும்.

'தி லாங்கஸ்ட் டே' (1962) சுமார் 1 கோடி டாலர் செலவு, கறுப்பு-வெள்ளையில். உலக அளவில் 5 கோடி வந்தது. 'கிளியோபாட்ரா' படச் செலவில் மூழ்கிக்கொண்டிருந்த ஃபாக்ஸ் கம்பெனிக்கு அது தண்ணீரில் கிடைத்த கட்டை. அதில் ஒரு சுவை: மற்ற நட்சத்திரங்களுக்கு 25 ஆயிரம் டாலர் என்றபோது ஜான் வெய்ன் மட்டும் இரண்டரை லட்சம் வாங்கினார். தயாரிப்பாளர் ஜானக் தன்னைப் பற்றி முன்பு ஒரு பேட்டியில் இளக்காரமாகப் பேசியதற்கு அபராதம். இந்த இரண்டரை லட்சம் நிஜ இரண்டரை லட்சம்.

'வாட்டர்லூ' (1970) நேர் எதிர். சோவியத் ராணுவத்திலிருந்து ஏறத்தாழ 17 ஆயிரம் சிப்பாய்களைக் கொடுத்தார்கள், உக்ரைனில் குன்றுகளைச் சமன்செய்து களம் அமைத்தார்கள், சுமார் இரண்டரைக் கோடி டாலர். மக்கள் வரவில்லை. அது விழுந்த சத்தத்தில், ஸ்டான்லி குப்ரிக் எடுப்பதாக இருந்த நெப்போலியன் படமும் நின்றுபோனது. ஒரு படத்தின் நஷ்டத்தில் இன்னொரு படமும் சாவது நம் ஏரியாவிலும் உண்டு. தீபாவளிக்கு அடி வாங்கினால் பொங்கல் படத்துக்கு அட்வான்ஸ் வராது.

'அபோகலிப்ஸ் நவ்' (1979) தான் இதில் எனக்குத் தூக்கம் கெடுக்கிற கேஸ். ஒன்றேகால் கோடி டாலர் அளவில் திட்டமிட்டு ஆரம்பித்தது, 3 கோடியைத் தாண்டியது. பிலிப்பைன்சில் 1976 மே மாதப் புயலில் செட்டுகள் போயின. வாடகைக்கு எடுத்த ராணுவ ஹெலிகாப்டர்கள், உள்நாட்டுக் கலவரத்தை அடக்கப் படப்பிடிப்பின் நடுவிலேயே பறந்துபோய்விடும். கடைசியில் டைரக்டர் கொப்போலா தன் சொந்தச் சொத்தையே அடமானம் வைத்தார். படம் ஓடியது, அமெரிக்காவில் சுமார் 8 கோடி. ஓடியதால் அவர் மேதை. ஓடாமலிருந்தால் என் முதலாளியின் மைத்துனர் மாதிரி, உறவுக்காரர் கல்யாணங்களுக்குக்கூட வராமல் இருந்திருப்பார்.

பினாங்கு: என் தாத்தா சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர், திரும்பவில்லை. நீங்கள் டாலர் கணக்குப் போடும் படத்தில் அந்தப் பாதையில் வேலை செய்த தமிழர் ஒருவர்கூட இல்லை. அதையும் எழுதுங்கள் ஐயா.

எழுதுகிறேன் அம்மா. உங்கள் கடிதத்தைக் கடைசியில் வைக்க வேண்டும் என்றுதான் எடுத்து வைத்தேன், ஆனால் ஹட்டன் கடிதம் அதற்குப் பிறகு வந்தது.

சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைத்து ஜப்பானியர் போட்ட பாதை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்தார்கள். வேலை செய்த போர்க்கைதிகள் 60 ஆயிரத்துக்கும் மேல், இறந்தவர்கள் 12 ஆயிரத்துக்கும் மேல். படம் இவர்களைப் பற்றித்தான். ஆனால் மலாயா, பர்மா, ஜாவா போன்ற இடங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் 2 லட்சம் பேர் அளவு. இறந்தவர்கள் ஏறத்தாழ 90 ஆயிரம் என்று மதிப்பிடுகிறார்கள். அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம். போர் வந்து ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் கூலியில்லாமல் கிடந்தவர்களை, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டி முதலில் அழைத்துப் போனார்கள். அப்புறம் ஆள் சேராதபோது பிடித்தே ஏற்றினார்கள். கைதிகளுக்கு அவர்களுடைய அதிகாரிகளும் ராணுவ டாக்டர்களும் கூட இருந்தார்கள். தொழிலாளர்களுக்கு யாருமில்லை. காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கைதிகளுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை இருக்கிறது, பெயர் வெட்டியிருக்கிறது. உங்கள் தாத்தாவோடு போனவர்களுக்கு அப்படி இல்லை.

இதில் என்னை உறுத்துவது இன்னொன்று. நாவல் எழுதிய பியர் புலே, போருக்கு முன்பு மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தமிழ்த் தொழிலாளர்களைப் பார்க்காமல் ஒரு நாள்கூட அங்கே கழிந்திருக்காது. அந்த ரயில் பாதையில் அவர் கைதியாக இருந்ததில்லை. அவரைப் பிடித்து வைத்தது இந்தோசீனாவில். கதையில் அவருக்கு வேண்டியிருந்தது, பிடிவாதம் பிடித்த ஒரு பிரிட்டிஷ் கர்னல். நிஜப் பாலத்தில் பிரிட்டிஷ் கைதிகளுக்குத் தலைமை வகித்த டூசி அந்தக் கர்னல் மாதிரி எதிரிக்குப் பாலம் கட்டிக் கொடுத்துப் பெருமைப்பட்டவர் அல்ல என்று அங்கே இருந்தவர்கள் கடைசிவரை கோபப்பட்டார்கள். அவர்கள் கோபத்தைச் சொல்லப் பத்திரிகைகள் இருந்தன.

உங்கள் தாத்தா எந்தத் தோட்டத்திலிருந்து போனார், எந்த வருஷம் என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அதற்குத் தனியாக இடம் கேட்டிருக்கிறேன்.

ஹட்டன்: நாங்கள் கொழும்புக்குப் போகிற வழியில்தான் கித்துல்கல. பாலம் இருந்த இடத்தில் இப்ப என்ன இருக்குது என்று பார்த்திருக்கிறீங்களா?

பார்த்திருக்கிறேன். உங்கள் ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது, திரும்பும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அவிசாவளை-ஹட்டன் ரோட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் ஒரு பாதை, வழுக்கும். கீழே போனால் பாலம் நின்ற இடத்தில் கான்கிரீட் அடித்தளம்தான் மிச்சம், பாசி பிடித்துக் கிடக்கிறது. ஆற்றில் ரப்பர் படகில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு போகிறார்கள். அந்த கான்கிரீட்டின் மேல் நின்று அக்கரையைப் பார்த்தேன், 425 அடி கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியவில்லை.

வழிகாட்ட வந்த பையனுக்குப் பதினைந்து வயதிருக்கும், தோட்டத்துத் தமிழ்ப் பையன். "இந்தப் பாலத்துக்கு எவ்வளவு செலவு தெரியுமா அங்கிள்?" என்றான். தெரியாத மாதிரி, எவ்வளவு என்றேன்.

"பத்து லட்சம் டாலர்!"

200 ரூபாய் கேட்டான். கொடுத்துவிட்டு மேலே ஏறி வந்தேன்.